வீட்டுக்குள் விரித்த குடை

"அந்தப் பொண்ணு கேட்க மாட்டேங்குறா டீச்சர்."

செருப்பைக் கழற்றுவதற்குள்ளாகவே சிப்போரா இதைச் சொல்லிவிட்டாள்.

"எந்தப் பொண்ணு?" என்றார் மில்கா டீச்சர்.

"தலியா. என் ஞாயித்துக்கிழமை வகுப்புல இருக்கா. ஆறு வயசு. பஸ்கா நெருங்கிடுச்சு, இவ இப்படிப் பண்றா."

"முதல்ல உட்காரு."

சிப்போரா உட்கார்ந்தாள்.

மும்பை பைக்குல்லாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி வீடு அது. சிப்போராவுக்கு எபிரேய எழுத்து சொல்லிக்கொடுத்தவர் மில்கா டீச்சர். அந்த சிப்போராவுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. ஆனாலும் ஏதாவது சிக்கல் என்றால் அவளுக்குக் கால் தானாக இந்தப் படிக்கட்டுக்கு வந்துவிடும்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு கறுப்புக் குடை விரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் கொக்கியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

சிப்போரா அதைப் பார்த்தாள். டீச்சர் செய்தால் அதில் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு தன் கவலைக்குத் திரும்பினாள்.

"அவளுக்குப் பாட வராதா?" என்றார் டீச்சர்.

"நாலு கேள்வியையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பாடுவா."

"அப்புறம் என்ன?"

"‘எனக்குத்தான் பதில் தெரியுமே மிஸ், நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, தெரிஞ்சதை எதுக்குக் கேட்கணும்’ங்குறா."

மில்கா டீச்சர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க டீச்சர்."

சிப்போராவுக்கு அழுகை வராத குறைதான்.

பஸ்கா இரவு என்பது யூதர்களுக்குக் கதை சொல்லும் இரவு. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோர்கள் விடுதலையாகி வந்த கதையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்வார்கள். ஆனால் பெரியவர்கள் தங்கள் பாட்டுக்குத் தொடங்கிவிட முடியாது. கூட்டத்திலேயே சின்னக் குழந்தை எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். மற்ற ராத்திரிகளில் எந்த அப்பத்தையும் தின்கிறோம், இந்த ராத்திரி மட்டும் ஏன் புளிப்பில்லாத அப்பம்? மற்ற ராத்திரிகளில் எந்தக் கீரையையும் தின்கிறோம், இந்த ராத்திரி மட்டும் ஏன் கசப்புக் கீரை? இப்படி நான்கு. மற்ற ராத்திரிகளில் அப்படி, இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி என்பதுதான் நான்குக்கும் அச்சு.

குழந்தை கேட்டால்தான் கதை. கேட்காவிட்டால் மேசையைச் சுற்றி எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"வேற குழந்தையைக் கேட்கச் சொல்லேன்."

"பஸ்காவுக்கு ஆலயத்துக்கு வர்றதுல அவளை விட்டா அடுத்தவனுக்கு மீசை அரும்புது டீச்சர். இருக்கறதுலயே சின்னதுதான் கேட்கணும், அது நம்ம ஆலயத்து வழக்கம், மாத்தக் கூடாதுன்னு ஹயீம் சார் கண்டிஷனா சொல்லிட்டார்."

ஹயீம் சார் என்பவர் அவர்களுடைய ஜெப ஆலயச் சங்கத்தின் தலைவர். இந்தப் பஸ்காவோடு ஓய்வு பெறுகிறார். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் அடுத்த தலைவர் யார் என்று சொல்லப்போகிறார். இதுவரை அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தது கிடையாது. இந்த முறை எல்லார் வாயிலும் அடிபடுவது சிப்போராவின் பெயர்.

அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதில் ஒளிவுமறைவு என்ன இருக்கிறது? கல்லூரி நாட்களில் அலிபாகில் நடந்த கோடை முகாமுக்குச் சப்பாத்தி உருட்டப் போனவள், அடுத்த வருடம் அந்த முகாமையே நடத்தினாள். பிறகு இளைஞர் மன்றம், ஞாயிறு வகுப்பு, பண்டிகை நாடகங்கள் என்று ஒவ்வொன்றாகத் தோளில் விழுந்தன. எந்தக் குழந்தைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, எந்தக் குழந்தை இருட்டுக்குப் பயப்படும் என்று பெற்ற தாய்க்கு முன்னால் அவளுக்குத் தெரியும். அவளிடம் படித்தவர்கள் எந்தெந்த ஊரிலிருந்தோ குழந்தைகளின் படம் அனுப்பி, இவனும் உங்களை மாதிரியே ஒரு மிஸ்ஸிடம் படிக்க வேண்டும் என்று எழுதுவார்கள். அவள் அதைப் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொள்வாள்.

இன்னொரு பெயரும் அவளுக்கு உண்டு. அவள் வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உதட்டில் விரலை வைத்து அவள் ‘ஷ்ஷ்’ என்றால் தெருவில் கத்தும் காய்கறி வண்டிக்காரர்கூட ஒரு நிமிடம் தயங்குவார் என்று கேலி பேசுவார்கள். ஹயீம் சாருக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்.

"உங்க வகுப்பு மாதிரியே இந்தச் சங்கமும் சத்தமில்லாம நடக்கணும் சிப்போரா. அதுக்குத்தான் நான் உங்களை நினைக்கிறேன்" என்று அவரே சொல்லியிருந்தார்.

"ஒரு குழந்தையை வாய் திறக்க வைக்க முடியலை, இவ எப்படிச் சங்கத்தை நடத்துவான்னு கேட்க மாட்டாங்களா டீச்சர்?" என்றாள் சிப்போரா.

"கேட்பாங்க" என்றார் டீச்சர்.

அவளுடைய இடது தோளில் என்னவோ குளிர்ந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

மில்கா டீச்சர் குடையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிப்போராவைப் பார்த்தார்.

"வேற ஏதாவது கேட்கணுமா?"

"வேற ஒண்ணுமில்லை டீச்சர். இதுக்கு வழி சொன்னாப் போதும்."

"டீ ஆறுது பாரு. குடி."

குடித்தாள். வழி ஒன்றும் வரவில்லை. புறப்பட்டாள்.

படியிறங்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. டீச்சர் என்றைக்கு நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்? குடைதான் பதில். வெயில் கொளுத்தும் ஏப்ரலில், வீட்டுக்குள், மேசைக்கு மேலே குடை. சும்மா கட்டுவாரா?

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குச் சிப்போரா ஒரு குடையோடு போனாள்.

நடுக்கூடத்தில் நின்று அதை விரித்தாள். குழந்தைகளின் கண்களும் விரிந்தன.

"எகிப்துலேருந்து கிளம்பினப்ப நம்ம முன்னோர் பாலைவனத்துல நடந்தாங்க" என்று தொடங்கினாள். "தலைக்கு மேல வெயில். அப்ப கடவுள் அவங்களுக்கு..."

"மிஸ்" என்றாள் தலியா.

முன்வரிசையில் இருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கையைத் தூக்கியிருந்தாள். கை மட்டும் போதாது என்று பாதி எழுந்தும் விட்டாள்.

"மழையே இல்லையே மிஸ். வீட்டுக்குள்ள எதுக்குக் குடை?"

"ஷ்ஷ். நான் சொல்லி முடிச்சிடறேன். அப்புறம் கேளு."

தலியா உட்கார்ந்தாள்.

சிப்போரா சொல்லி முடித்தாள். குடை என்றால் பாதுகாப்பு. மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பிடிக்கும் குடைதான் மரபு. குடைக்குள் இருப்பவர் குடை பிடித்தவரைக் கேள்வி கேட்டு மகிழ்விக்க வேண்டும். கடைசியில் சொன்னது அவளுக்கே கொஞ்சம் இடித்தது. இருந்தாலும் குரலில் சுருதி சேர்ந்துவிட்டதால் நிறுத்த முடியவில்லை.

"இப்ப கேளு தலியா."

தலியா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லை மிஸ்."

"அப்ப பஸ்கா அன்னைக்கு நாலு கேள்வியும் கேட்பியா?"

"மாட்டேன் மிஸ்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் சிப்போராவுக்கு இன்னும் வலித்தது.

மறுநாளே அவள் மறுபடியும் பைக்குல்லா படியேறினாள். குடை அப்படியே தொங்கியது. கீழே நாற்காலியோரமாக இப்போது ஒரு பிளாஸ்டிக் வாளியும் சேர்ந்திருந்தது.

போன தடவை உட்கார்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"சாக்லேட் தரேன்னேன். அம்மாகிட்ட சொல்லிடுவேன்னேன். கெஞ்சினேன். நீங்க சொன்ன வழியையும் பார்த்துட்டேன். அசைய மாட்டேங்குறா."

"நான் என்ன வழி சொன்னேன்?"

"குடை டீச்சர்."

"எந்தக் குடை?"

சிப்போரா மேலே கையைக் காட்டினாள்.

மில்கா டீச்சர் மேலே பார்த்தார். நிதானமாக ஒரு தடவை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அது வழியா?"

"இல்லையா?"

"மேல் மாடி வீட்டு பெரேரா குளியலறையில குழாய் ஒழுகுது. ப்ளம்பர் நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னு இழுத்தடிக்கிறான். சாப்பாட்டுல சொட்டுதேன்னு கட்டி வச்சேன்."

சிப்போரா குடையை நிமிர்ந்து பார்த்தாள்.

"குடையில விழற தண்ணி வழிஞ்சு நீ உட்கார்ந்திருக்கற பக்கம்தான் சொட்டும். அன்னைக்கும் அங்கதான் உட்கார்ந்த. உன் தோள் நனைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கேட்பே கேட்பேன்னு பார்த்தேன். வேற ஏதாவது கேட்கணுமான்னு வாய்விட்டே கேட்டுப் பார்த்தேன்."

சொல்லி வைத்தாற்போல் ஒரு சொட்டு சிப்போராவின் தோளில் விழுந்தது.

அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"ஏன் கேட்கலை?" என்றார் டீச்சர்.

"நீங்க செஞ்சா ஏதாவது அர்த்தம் இருக்கும்னு நினைச்சேன்."

"என்ன அர்த்தம்னு கேட்டிருக்கலாமே."

"தெரியாதுன்னு ஆயிடும்ல?"

டீச்சர் தலையாட்டினார்.

சிப்போரா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை குடையைப் பத்தி வகுப்பே எடுத்துட்டேன் டீச்சர்."

"என்னது?"

"குடைதான் மரபுன்னு."

மில்கா டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரேராவின் குழாய்க்குச் சமமாக ஒழுகியது. சிப்போராவுக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. இரண்டு பெண்களும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தனை குழந்தைங்க இருந்தாங்களே. வீட்டுக்குள்ள எதுக்குக் குடைன்னு ஒருத்தர்கூடவா கேட்கலை?"

"ஒருத்தி கேட்டா."

"யாரு?"

"தலியா."

"நீ என்ன சொன்ன?"

சிப்போரா பதில் சொல்ல வாயெடுத்தாள். உதடு குவிந்தது. சத்தம் வரவில்லை.

டீச்சர் அவளை வற்புறுத்தவில்லை. எழுந்துபோய் டீயைச் சூடாக்கினார்.

மறு வெள்ளிக்கிழமை மாலை, தலியாவின் அம்மா ஆலயத்துக்குள் வேலையாக இருந்தாள். தலியா வெளிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குள் போன மணலைக் கொட்டிக்கொண்டிருந்தாள். சிப்போரா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தலியா, அந்த நாலு கேள்வியையும் நீ கேட்க வேண்டாம்."

தலியா சந்தேகமாகப் பார்த்தாள்.

"அப்ப யாரு கேட்பாங்க?"

"நீதான். ஆனா உனக்குப் பதில் தெரியாதது எது இருக்கோ அதைக் கேளு."

"நிஜமா தெரியாததா?"

"நிஜமா தெரியாதது."

"என்ன வேணும்னாலும் கேட்கலாமா?"

சிப்போரா ஆலயக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். ஹயீம் சார் முகம் வந்து போனது. அந்த நாற்காலியும் வந்து போனது.

"என்ன வேணும்னாலும்" என்றாள்.

"மத்தவங்க முன்னாடி?"

"எல்லார் முன்னாடியும்."

"என்ன கேட்கப் போறேன்னு உங்ககிட்ட இப்பவே சொல்லணுமா?"

சொல் என்று சொல்ல சிப்போராவின் நாக்கு துடித்தது. இத்தனை வருடத்தில் அவள் முன்கூட்டிப் பார்க்காத வசனம் எதுவும் எந்தக் குழந்தை வாயிலிருந்தும் மேடையில் வந்தது கிடையாது.

"வேண்டாம்" என்றாள்.

தலியா ஷூவைத் தட்டிப் போட்டுக்கொண்டாள். அவிழ்ந்திருந்த கயிற்றைச் சிப்போரா குனிந்து கட்டிவிட்டாள்.

பஸ்கா வந்தது.

ஆலயக் கூடத்தில் நீள மேசைகள் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தார்கள். புளிப்பில்லாத அப்பம், கசப்புக் கீரை, உப்புத் தண்ணீர், பேரீச்சம்பழத்தைக் காய்ச்சிய பாகு எல்லாம் வரிசையாக இருந்தன. பாகின் மணம் பசியைக் கிளப்பிவிட்டிருந்தது. மில்கா டீச்சர் சுவரோரம் இடம் பிடித்து உட்கார்ந்து, முதல் காரியமாகக் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஹயீம் சார் சிப்போராவின் பக்கம் குனிந்தார்.

"குழந்தை தயார்தானே?"

"தயார் சார்."

"உங்க பொறுப்புன்னா எனக்குக் கவலையே கிடையாது. சாப்பாடு முடிஞ்சதும் சொல்லிடறேன். நீங்களும் நாலு வார்த்தை பேசற மாதிரி இருங்க."

சிப்போரா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். இந்தக் கூடத்தில் அவளுக்குப் பழகாத மூலை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு குழந்தை அழுதிருக்கிறது, இவள் சமாதானம் செய்திருக்கிறாள். இந்தக் கூடத்தை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

முதல் கிண்ணத் திராட்சை ரசத்துக்கான ஆசி முடிந்தது. அப்பத்தைப் பிட்டார்கள். கேள்வி நேரம்.

தலியாவை நாற்காலி மேல் ஏற்றி நிறுத்தினார்கள். புது வெள்ளை கவுன் போட்டிருந்தாள். கூடம் அடங்கியது. பழகிய நான்கு கேள்விகளும் பழகிய ராகத்தில் வரப்போகின்றன என்று பெரியவர்கள் முகத்தில் புன்னகையைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

தலியா சிப்போராவைத் தேடிப் பார்த்தாள். சிப்போரா தலையை அசைத்தாள்.

தலியா பாடவில்லை. சாதாரணமாகப் பேசினாள்.

"மத்த ராத்திரியெல்லாம் நான் ஏதாவது கேட்டா ‘ஷ்ஷ்’னு சொல்றீங்க. இந்த ராத்திரி மட்டும் ஏன் ‘கேளு கேளு’ங்குறீங்க?"

யாரோ சிரித்து, பாதியில் விழுங்கினார்கள்.

தலியாவின் அம்மா கவுனைப் பிடித்து இழுத்தாள். மேசைகளில் முணுமுணுப்பு கிளம்பியது. என்ன கேள்வி இது, யார் சொல்லிக்கொடுத்தது, இந்தக் காலத்துக் குழந்தைகள், வளர்ப்பு. சிலர் சிப்போராவைத் திரும்பிப் பார்த்தார்கள். தலியாவும் சிப்போராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குறும்பு ஒன்றும் இல்லை அந்த முகத்தில். அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

ஹயீம் சார் எழுந்தார். அவருக்குக் காது சிவந்திருந்தது.

"போதும்மா. உட்காரு. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். வேற யாராவது அந்த நாலு கேள்வியையும் சொல்லுங்க, நேரமாகுது."

தலியாவின் முழங்கால் மடங்கியது. இறங்கப் போனாள்.

சிப்போரா எழுந்து நின்றாள்.

அவள் விரல் உதட்டுக்குப் போனது. கூடத்தில் எல்லாருக்கும் அந்த விரல் தெரியும். பாதிப் பேர் அதற்கு அடங்கியே வளர்ந்தவர்கள். அப்பாடா, மிஸ் பார்த்துக்கொள்வார் என்று மேசைகள் மூச்சு விட்டன. தலியாவும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஆனால் சிப்போரா தலியாவைப் பார்க்கவில்லை. ஹயீம் சாரைப் பார்த்தாள்.

"ஷ்ஷ்" என்றாள். "அவளுக்கு இன்னும் மூணு கேள்வி இருக்கு சார்."